புது ஊரில் நண்பர்களும் மொழியும்: எந்த வழியில் போனால் எது கிடைக்கும்?

வெளிநாட்டில் ஒரு புது நகரத்தில் போய் இறங்கியிருக்கிறீர்கள். வீடு கிடைத்துவிட்டது, வேலையோ படிப்போ தொடங்கிவிட்டது. வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனி, ஞாயிறுதான் கனக்கும். அந்த ஊர்க்காரர்கள் நாலு பேரையாவது தெரிந்துகொள்ள வேண்டும், அவர்கள் மொழியும் நாக்கில் ஏற வேண்டும் என்று தோன்றும். தேட ஆரம்பித்தால் மொழிப் பரிமாற்றக் கூட்டம், டாண்டம் கூட்டாளி, மொழி வகுப்பு, ஓட்டக் குழு, தன்னார்வப் பணி, நட்புச் செயலி என்று ஏகப்பட்டது கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் போக யாருக்கும் நேரம் கிடையாது. எதை எடுப்பது, எதை விடுவது?

முதலில் நான் தவறான வழியில்தான் போனேன். புது ஊருக்குப் போன முதல் மூன்று மாதம், வாரம் தவறாமல் மொழிப் பரிமாற்றக் கூட்டங்களுக்குப் போனேன். கைப்பேசியில் நாற்பது பேருக்கு மேல் எண் சேர்ந்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது அந்த நாற்பது பேரில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பாதிப் பேரின் முகமே நினைவுக்கு வரவில்லை. நண்பர் தேடுவதும் மொழி பழகுவதும் இரண்டு வேறு வேலைகள் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் ஒரே இடத்தில் கொடுப்பதாகச் சொல்லும் வழிகள் பெரும்பாலும் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் கொடுக்கின்றன.

மணிக்கணக்கு

நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் ஆராய்ந்திருக்கிறார். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில் அவர் கேள்வி கேட்டவர்களில் பெரும்பகுதியினர், ஆறு மாதத்துக்குள் ஊர் மாறி வந்து புது நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். அப்படியே நம் நிலைமை. வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், ‘நண்பர்’ என்று தயங்காமல் சொல்லச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் என்பது அவருடைய மதிப்பீடு. இன்னொன்றும் தெரியவந்தது. அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை. சும்மா சேர்ந்திருப்பது, விளையாடுவது, சிரித்துப் பேசுவது, இதெல்லாம்தான் சேர்கிறது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பல வழிகள் தானாகவே கழிந்துவிடும். வாரம் மூன்று மணி நேரம் ஒரே முகங்களைப் பார்த்தால் 50 மணி சேர நான்கு மாதம் ஆகும். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு வருடம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள் என்றால் சேரவே சேராது, ஒவ்வொருவரிடமும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மொழிக்கும் ஒரு மணிக்கணக்கு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் பயிற்சி நிலையத்தின் கணக்குப்படி, ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் ஸ்பானிஷில் வேலைக்கு ஏற்ற தேர்ச்சி பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும். ஜப்பானியம், கொரியன், அரபி, சீனம் என்றால் 2,200 மணி நேரம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஜப்பானியமும் கொரியனும் சொல்வரிசையில் கொஞ்சம் கைகொடுக்கும், அவற்றிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். எப்படியானாலும் இது வாரம் ஒரு மாலையில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்: அடுத்த வாரமும் இதே ஆட்கள் வருவார்களா? பேச்சு தடுமாறினால் அங்கே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்களா? வார்த்தை கிடைக்காத நேரத்தில் கைக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்குமா?

கொடி ஸ்டிக்கர் ஒட்டிய கூட்டங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் போவது மொழிப் பரிமாற்றக் கூட்டங்களுக்குத்தான். இப்படிப்பட்ட கூட்டங்களைத் தேட உதவும் மீட்டப் இணையதளம் 2002இல் நியூயார்க்கில் தொடங்கியது. 2011இல் பியூனஸ் அய்ரெஸில் தொடங்கிய முண்டோ லிங்கோ என்ற மொழிப் பரிமாற்றக் கூட்டம் இன்று பல நகரங்களில் நடக்கிறது. வாசலில் சட்டையில் ஒட்டச் சின்னச் சின்னக் கொடிகளைக் கொடுப்பார்கள். தாய்மொழிக்கான கொடி மேலே, கற்கும் மொழிக்கான கொடி அதற்குக் கீழே. யாரிடமும் தயங்காமல் போய்ப் பேசலாம், அதுதான் இதன் பெரிய பலம். ஊருக்கு வந்த இரண்டாவது நாளே போகலாம், முன்பதிவு பெரும்பாலும் வேண்டாம், தனியாக வந்தவர்களை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

பலவீனமும் அதிலேயே இருக்கிறது. எந்த ஊர், வந்து எவ்வளவு நாள், என்ன வேலை என்ற அதே மூன்று கேள்விகளுக்கு ஒரே மாலையில் எட்டு முறை பதில் சொல்வீர்கள். அந்த மூன்று பதிலும் சரளமாகிவிடும், நான்காவது வாக்கியம் வளராது. ஐந்து பேர் நிற்கும் வட்டத்தில் ஒருவருக்கு ஊர் மொழி தெரியாவிட்டால் போதும், மொத்த வட்டமும் ஆங்கிலத்துக்குப் போய்விடும். வருகிறவர்களில் ஊர்க்காரர்கள் குறைவு, நம்மைப் போல வந்தவர்களே அதிகம். அந்த ஊர்க்காரர்களிலும் பலர் ஆங்கிலம் பழகத்தான் வருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நமக்கு வேண்டியது அங்கே கிடைப்பதில்லை.

முதல் மாதம் போங்கள், கூச்சம் போகும். அதற்கு மேல் இதையே முழு வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். சில நூலகங்கள் நடத்தும் சிறிய பேச்சு வட்டங்கள் வேறு ரகம். சுவீடனில் நூலகங்களில் நடக்கும் மொழி கஃபேக்கள் அப்படிப்பட்டவை. அங்கே ஊர் மொழி மட்டும்தான். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், வாரா வாரம் அவர்களே இருப்பார்கள். உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு இதற்குப் போங்கள்.

இருவர் மட்டும் உட்கார்ந்தால்

டாண்டம் என்பது இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர். 1960களின் இறுதியில் பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர்களின் சந்திப்புகளில் வளர்ந்த முறை இது. நான் உனக்கு என் மொழி, நீ எனக்கு உன் மொழி, காசு பணம் இல்லை. பல்கலைக்கழகங்களின் அறிவிப்புப் பலகைகளிலும், டாண்டம், ஹலோடாக் போன்ற செயலிகளிலும் ஆள் தேடலாம்.

மொழிக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒழுங்காக நடத்தினால்தான். கடிகாரம் வைத்து அரை மணி உங்கள் மொழி, அரை மணி அவர் மொழி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இருவரில் யாருக்கு மற்றவர் மொழி நன்றாக வருகிறதோ, பேச்சு அந்த மொழிக்கே சரிந்துவிடும். பேச்சுக்கு நடுவே திருத்தக் கூடாது. என் கூட்டாளி ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வருவார். அரை மணி முடிந்ததும் அதிலிருந்து மூன்றே மூன்று பிழைகளை மட்டும் சொல்வார். அடுத்த வாரம் அந்த மூன்றையும் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவோம். பத்துப் பிழையைச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை, மூன்று நின்றுவிடுகிறது.

டாண்டம் பெரும்பாலும் எங்கே உடைகிறது தெரியுமா? பேச விஷயம் தீரும்போது. என்னுடைய முதல் இரண்டு கூட்டாளிகளோடும் ஐந்தாவது வாரத்தோடு நின்றுபோனது, இரண்டு பக்கமும் கோபமில்லாமல். மூன்றாவது ஆளோடு தற்செயலாக ஒன்று நடந்தது. அவர் வீடு மாறிக்கொண்டிருந்தார், உதவிக்குப் போனேன். ஒரு பழைய அலமாரியைக் கழற்றிக்கொண்டே ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இது என்ன, இது என்ன என்று கேட்டேன். கீல், தாழ்ப்பாள், மரையாணி, ‘கொஞ்சம் தூக்கிப் பிடி’, ‘மெதுவாக, மெதுவாக’. அந்த மூன்று மணி நேரத்தில் வந்த வார்த்தைகள் இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மேசையில் உட்கார்ந்து பேசுவதைக் குறைத்து, ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்துகொண்டே பேசினோம்.

தமிழர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தமிழ் கற்க வருகிறவர்கள் குறைவு, நம்மிடம் பெரும்பாலானோர் கேட்பது ஆங்கிலத்தைத்தான். கொடுக்கலாம், தயங்க வேண்டாம். தமிழே வேண்டும் என்று யாராவது கேட்டால் அவரை விடாதீர்கள். தமிழ்த் துணைவரோ, தமிழ் நண்பரோ, தமிழ் பற்றிய ஆய்வோ, ஏதோ ஒரு வலுவான காரணம் அவருக்கு இருக்கும், அந்த உறவு நிலைக்கும்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மொழிச் செயலிகளைத் துணை தேடும் இடமாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். முதல் சில சந்திப்புகளைப் பகலில், ஆட்கள் நடமாடும் பொது இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியைச் சொல்ல அவசரம் இல்லை. பேச்சு மொழியை விட்டு வேறு பக்கம் போனால் விளக்கம் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளலாம்.

வகுப்பறை

வகுப்பில் ஊர்க்காரர் என்று இருப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். அதனால் நண்பர் தேட இது வழியல்ல என்று நினைத்திருந்தேன். பாதிதான் சரி. தொடக்கநிலை வகுப்பில் ஒரு சிரியர், ஒரு பிரேசில்காரர், ஒரு கொரியர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்குள் பொதுவாக இருப்பது அந்த அரைகுறை ஊர் மொழி ஒன்றே. இடைவேளையில் அதில்தான் பேசியாக வேண்டும். எல்லோருக்கும் பிழை வரும், அதனால் யாருக்கும் வெட்கம் வராது. வாரம் இரண்டு நாள், அதே முகங்கள், அதே பெஞ்சு. மணிக்கணக்கு அழகாகச் சேரும்.

பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் கற்பிக்கும் கோதே நிறுவனம் போன்றவை பல நாடுகளில் இருக்கின்றன. அந்தந்த நாட்டுக்குள்ளேயே அரசு ஆதரவில் நடக்கும் வகுப்புகளும் உண்டு. சுவீடனில் குடியேறியவர்களுக்கான சுவீடிஷ் வகுப்பு இலவசம். ஜெர்மனியின் ஒருங்கிணைப்புப் பாடத்திட்டத்தில் மொழிக்கு மட்டும் வழக்கமாக 600 பாட வேளைகள். இப்படி ஒன்றுக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். ஐரோப்பிய மொழிகள் என்றால் நிலைகளை ஏ1 முதல் சி2 வரை பிரிப்பார்கள். எளிய அன்றாடப் பேச்சுக்குப் போதுமான இரண்டாவது நிலையான ஏ2 தாண்டும்வரை வகுப்பைக் கைவிடாதீர்கள். அடித்தளம் இல்லாமல் பேச்சுப் பழக்கத்துக்குப் போனால் பிழைகளும் சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும்.

கைக்கு வேலை இருக்கும் இடங்கள்

சேர்ந்திசைக் குழு, ஓட்டக் குழு, சதுரங்கக் கழகம், மலையேற்றம், தோட்டவேலை, கெட்டுப்போன பொருட்களைச் சேர்ந்து சரிசெய்யும் ரிப்பேர் கஃபே. என் முடிவு இந்தப் பக்கம்தான் சாய்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஊர்க்காரர்கள் ஏன் எளிதில் ஒட்டுவதில்லை என்று புலம்பாத ஆளைப் புது ஊரில் நான் பார்த்ததில்லை. அவர்கள் மனம் இறுகியவர்கள் என்று நினைப்பது பிழை. பள்ளியில், கல்லூரியில் சேர்ந்த நண்பர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள், அம்மா அப்பா அரை மணி தூரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் நாட்குறிப்பில் இடம் இல்லை. நாமும் நம் ஊரில் அப்படித்தானே இருந்தோம், புதிதாக வந்த பக்கத்து வீட்டுக்காரரை எத்தனை முறை உள்ளே கூப்பிட்டோம்? நட்புக்கென்று தனியாக நேரம் ஒதுக்காதவர்கள்கூட வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வருகிறார்கள். அங்கே நாமும் இருந்தால் அந்த நேரம் நம் கணக்கிலும் சேர்கிறது.

இப்படிப்பட்ட குழுவில் தேடவேண்டிய ஆள், அதே நாட்டில் வேறு ஊரிலிருந்து வேலைக்காகவோ கல்யாணத்துக்குப் பிறகோ குடிவந்தவர். அவருக்கு மொழி தாய்மொழி, ஆனால் இந்த ஊரில் அவரும் புதுசு. எனக்கு இன்றும் நெருக்கமாக இருக்கும் இருவர் அப்படிக் கிடைத்தவர்கள்தான். அப்புறம் வயதானவர்கள். அவர்களுக்கு நேரம் இருக்கும், பொறுமை இருக்கும், பல ஊர்களில் ஆங்கிலத்துக்குத் தாவும் பழக்கமும் அவர்களிடம் குறைவு.

சேர்ந்திசைக் குழுவில் நான் சேர்ந்தபோது மொழி எனக்கு நூறு வார்த்தைக்கு மேல் வராது. பாடல் வரிகள் கையில் தாளில் இருக்கும். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா நான் வரி தவறும்போதெல்லாம் தன் விரலை என் தாளில் வைத்து, இங்கே என்று காட்டுவார். பாட்டில் ஒவ்வோர் உயிரெழுத்தையும் நீட்டி நிறுத்தச் சொல்லிக்கொடுப்பதால் உச்சரிப்பு அங்கேதான் திருந்தியது. ஆனால் பேச்சு வந்தது பயிற்சி முடிந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கி மூலையில் வைக்கும் பத்து நிமிடத்தில். முதல் மாதம் நான் முடிந்ததும் கிளம்பிவிடுவேன். ஒருநாள் நின்று நாற்காலி அடுக்கினேன். அன்றுதான் என் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இருவர் கேட்டார்கள். சேர்கிற குழு எதுவானாலும் நேரத்துக்கு முன்னால் போங்கள், கடைசியில் கிளம்புங்கள்.

எல்லாக் குழுவும் ஒன்றல்ல. 2004இல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் இலவச 5 கிலோமீட்டர் ஓட்டம். மூச்சு வாங்க ஓடும்போது பேச்சு வராது. அதே இடத்தில் தன்னார்வலராக நின்று, ஓடி முடிக்கிறவர்கள் கையில் வரிசை அட்டை கொடுத்தால் நூறு பேரிடம் ஒரு வார்த்தை பேசலாம், உடன் நிற்கும் தன்னார்வலர்களிடம் ஒரு மணி நேரம் பேசலாம். சதுரங்கம் மொழி தெரியாதவருக்கும் இடம் கொடுக்கும், ஆனால் ஆட்டம் முழுக்க அமைதி. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபேயில் கெட்டுப்போன விளக்கைக் கொண்டுபோனால், அதைப் பிரித்துப் பார்க்கிறவர் கேட்கும் கேள்விகளிலேயே பேச்சு தொடங்கிவிடும். மேடைப்பேச்சுப் பழகும் கிளப்புகளான டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கியது, ஊர் மொழியில் நடக்கும் கிளப்புகளும் உண்டு. மேடையில் பேசினால் அதற்கு மதிப்பீடு சொல்லவே ஓர் ஆளை வைத்திருப்பார்கள். மொழி ஓரளவு நடக்கத் தொடங்கியவர்களுக்கு அருமையான இடம், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். யாரும் உங்கள் பிழையைத் திருத்த மாட்டார்கள். நண்பர்கள் புரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் ஒரே பிழையோடு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருப்போம். அதனால்தான் டாண்டத்தை இதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

வீடு, நம் ஆட்கள், செயலிகள்

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்கேட் வெஸ்ட் குடியிருப்பில் நடந்து 1950இல் நூலாக வந்த ஆய்வு ஒன்று உண்டு. அங்கே பக்கத்துக் கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பராகச் சொன்னார்கள், அதே தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். இன்னும் வீடு பார்க்காதவர் என்றால், ஊர் மொழி பேசும் ஓரிருவரோடு பகிர்ந்து இருக்கும் வீடு மற்ற எல்லா வழிகளையும் முந்திவிடும். தினம் ஒரு மணி நேரம் சமையலறையில் நின்று பேசினாலே இரண்டு மாதத்தில் 50 மணி தாண்டிவிடும். ஒத்துவராத ஆளோடு மாட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது, அதனால் முதலில் குறுகிய கால ஒப்பந்தமாகப் பாருங்கள்.

தமிழ்ச் சங்கத்தையும் நம் ஆட்களையும் ஒதுக்கினால்தான் மொழி வரும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகை ஒப்பந்தம் படிக்க, மருத்துவரிடம் போக, மனம் கனக்கும்போது முழு வாக்கியத்தில் பேச நம் மொழி வேண்டும். வாரத்தின் எல்லா மாலையும் அங்கேயே போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நட்புச் செயலிகளில் இருவரைச் சந்திக்கச் செலவாகும் சக்தியில் ஒரு குழுவில் ஒரு மாதம் இருந்துவிடலாம்.

எதை எடுப்பது

மூன்று மாதம் மட்டும் இருக்கப்போகிறவர் பெரிய கூட்டங்களுக்கும் டாண்டத்துக்கும் போகலாம், குழுவில் வேர் பிடிக்க நேரம் போதாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் என் தேர்வு இது: வாரம் ஒரு குழு, வாரம் ஒரு டாண்டம், மொழி ஏ2 தாண்டும்வரை வகுப்பு. இதற்கு மேல் எடுத்தால் எதிலும் மணி சேராது. குழுவை ஒரே நாளில் எடைபோடாதீர்கள், ஐந்து முறை போங்கள். ஐந்தாவது முறையும் யாரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை என்றால் வேறு குழு பாருங்கள். ஆம்ஸ்டர்டாம், ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் போன்ற ஊர்களில் ஊர்க்காரர்கள் உடனே ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள், அது மரியாதைக்காகச் செய்வது. ‘கற்றுக்கொண்டிருக்கிறேன், மெதுவாகப் பேசினால் புரியும்’ என்று ஊர் மொழியில் சொல்லிவிட்டு அதிலேயே தொடருங்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் குழு கூடும் அந்த மண்டபத்தை விட்டு வெளியே வர வேண்டும், அதை நாமேதான் தொடங்க வேண்டியிருக்கும். ‘ஒருநாள் சந்திப்போம்’ என்றால் அந்த நாள் வராது. ‘சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆற்றங்கரையில் நடக்கப்போகிறேன், வருகிறீர்களா?’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேட்க வேண்டும். நான் அந்த வாக்கியத்தை எழுதி டாண்டம் கூட்டாளியிடம் காட்டினேன். இரண்டு பிழைகளைத் திருத்தி, ‘கடைசியில் இப்படிக் கேட்டால் மறுக்கிறவருக்கும் சங்கடம் இருக்காது’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தார். அந்த வியாழக்கிழமை நாற்காலி அடுக்கும்போது, வரி காட்டிய அம்மாவிடம் கேட்டேன். சனிக்கிழமை அவர் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.